பழைய ஸ்கேட்போர்டுக்கு 10 கோடி ரூபாய்! நம்ம ஊர் பேரிங் வண்டி எங்கே போச்சு?

ஒரு மரப்பலகை. கீழே நாலு சக்கரம். 1999ஆம் ஆண்டு ஓட்டிய பழைய ஸ்கேட்போர்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அது 11.5 லட்சம் டாலருக்கு விலை போனது. நம்ம பணத்தில் சுமார் 10 கோடி ரூபாய்.

"பலகைக்குப் போய் பத்து கோடியா?" என்று கேட்கத் தோணும். ஆனால் இது ஒரு ஆளோட ஆசை மட்டும் இல்ல. பழைய ஸ்கேட்போர்டு, பழைய சக்கரம், பழைய ஷூ, பழைய வீடியோ கேம் என உலகம் முழுக்க 'ஓல்ட் ஸ்கூல்' மோகம் ஒரு பெரிய வியாபாரமாகவே மாறிவிட்டது.

இதே மாதிரி பலகையும் இரும்பு உருளையும் நம்ம ஊரிலும் ஓடியது. அதுக்குப் பேர் பேரிங் வண்டி. அதை யாரும் ஏலம் விடவில்லை, அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை. சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த ரெண்டு கதைக்கும் என்ன தொடர்பு? ராக்கெட் ஏவுதளம் வரப்போகும் குலசேகரன்பட்டினத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏலம் போனது யாருடைய பலகை?

ஸ்கேட்போர்டிங் உலகின் மிகப் பெரிய பெயர் டோனி ஹாக். 1999 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த எக்ஸ் கேம்ஸ் போட்டியில் அவர் அந்தரத்தில் இரண்டரை சுற்று சுற்றித் தரையிறங்கினார். மொத்தம் 900 டிகிரி. போட்டி ஒன்றில் அதைச் செய்து காட்டிய முதல் ஆள் அவர்தான். பலமுறை விழுந்து எழுந்த பிறகுதான் அது கைகூடியது. அன்று அவர் காலடியில் இருந்த பலகைதான் இப்போது ஏலம் போனது.

இது மட்டும் இல்ல.

• 2019 ஜனவரியில் சதபீஸ் ஏல நிறுவனம், 'சுப்ரீம்' என்ற பிராண்டின் 248 ஸ்கேட்போர்டு பலகைகளை ஒரே தொகுப்பாக விற்றது. விலை 8 லட்சம் டாலர். வாங்கியவருக்கு வயது 17.

• 1999இல் வந்த டோனி ஹாக் வீடியோ கேம் வரிசையின் முதல் இரண்டு பாகங்கள் 2020இல் புதுப்பிக்கப்பட்டு வந்தன. அடுத்த இரண்டு பாகங்கள் 2025 ஜூலையில் வந்தன.

• 1980களில் புகழ்பெற்ற பவல் பெரால்டா நிறுவனம், அந்தக் காலத்து மண்டை ஓடு, டிராகன் படங்களோடு அதே வடிவப் பலகைகளை மறுபடியும் தயாரித்து விற்கிறது.

அதாவது, பழசு இப்போ புதுசாகவே தயாராகுது.

ஸ்கேட்போர்டு எப்படிப் பிறந்தது?

இதை முதலில் கண்டுபிடித்தது எந்த கம்பெனியும் இல்ல. 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரையில், காலில் மாட்டும் ரோலர் ஸ்கேட்டைக் கழற்றி, அதன் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் ஆணியடித்து ஓட்டினார்கள் பசங்க. கடலில் அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு வீரர்களும் இதையே தரையில் ஓட்டினார்கள். 'நடைபாதை சர்ஃபிங்' என்றுதான் அப்போது இதற்குப் பெயர்.

அடுத்து களிமண் கலவையால் ஆன சக்கரம் வந்தது. இரும்பை விட ஓட்டம் கொஞ்சம் மென்மை. ஆனால் தரையில் பிடிமானம் குறைவு. ஒரு சின்ன கூழாங்கல் குறுக்கே வந்தால் போதும், பலகை நின்றுவிடும், ஓட்டுபவர் முன்னால் பறப்பார். 1965இல் லைஃப் பத்திரிகையின் அட்டைப்படத்துக்கே வந்த இந்த விளையாட்டு, விபத்துகளாலும் பல நகரங்கள் போட்ட தடையாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் படுத்துவிட்டது.

அதைத் தூக்கி நிறுத்தியது ஒரு பிளாஸ்டிக். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் என்ற பொருளால் ஆன சக்கரத்தை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். ரப்பர் மாதிரி தரையைப் பிடிக்கும், கல் வந்தாலும் உருண்டு தாண்டும், சத்தமும் குறைவு. விளையாட்டின் தலையெழுத்தே மாறியது.

அடுத்து உதவியது வறட்சி. 1976-77இல் கலிபோர்னியாவில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். வீடுகளில் இருந்த நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. வளைந்த அந்தச் சிமெண்ட் சுவர்களில் பசங்க பலகையோடு ஏறினார்கள், இறங்கினார்கள். இன்று ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் 'பார்க்' பிரிவின் கிண்ணம் போன்ற தளத்துக்கு வேர், அந்தக் காலிக் குளங்கள்தான்.

'ஓல்ட் ஸ்கூல்' என்றால் சரியாக என்ன?

பெரும்பாலும் 1970, 80களின் பொருட்களையும் பழக்கங்களையும்தான் இப்படிச் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பலகை சுமார் 10 அங்குல அகலம், மீன் மாதிரி ஒரு வடிவம், பெரிய சக்கரம், அடியில் பெரிய ஓவியம். 1990களில் தெரு விளையாட்டு வளர்ந்ததும் பலகை சுமார் 8 அங்குலமாக ஒல்லியானது. ஐஸ் குச்சி மாதிரி ரெண்டு முனையும் ஒரே வடிவம், சின்ன சக்கரம். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

பழைய பலகை வாங்குபவர்கள் பலர் அதை ஓட்டுவதில்லை. சுவரில் மாட்டுகிறார்கள்.

ஏன் இப்போ இந்த ஏக்கம்?

மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம், வயசும் பணமும். 1985இல் 12 வயதில் கடைக் கண்ணாடி வழியாக அந்தப் பலகையைப் பார்த்து ஏங்கியவருக்கு இப்போது வயது 50க்கு மேல். அன்று கையில் காசு இல்ல, ஆசை இருந்தது. இன்று காசு இருக்கு. நம்ம ஊரில் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு இன்னமும் இருக்கும் கிராக்கியை நினைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும்.

இரண்டாவது, அனுபவிக்காத காலத்தின் மீது வரும் ஏக்கம். 248 பலகைகளை வாங்கியவருக்கு 17 வயசு என்று பார்த்தோம். 1980கள் அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன. பலகை அவருக்கு விளையாட்டுப் பொருள் இல்ல, சேகரிப்பு. கூடவே முதலீடு.

மூன்றாவதுதான் முக்கியம். விளையாட்டு இப்போது அதிகாரபூர்வமாகிவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதல்முறையாக வந்தது. 2021இல் நடந்த அந்தப் போட்டியின் பெண்கள் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. பாரிஸில் நடந்தது, 2028 லாஸ் ஏஞ்சலிஸிலும் நடக்கப்போகிறது. பயிற்சியாளர், நடுவர், மதிப்பெண் எல்லாம் வந்தாச்சு. நல்லதுதான். ஆனால் 'யாரும் சொல்லித் தராம, நாங்களே கத்துக்கிட்டோம், நாங்களே செஞ்சோம்' என்ற பெருமை ஒன்று பழைய ஆட்களுக்கு இருந்தது. அது கையை விட்டுப் போகும்போதுதான் பொருளை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு முரண் இருக்கு. அந்தக் கலாச்சாரத்தின் உயிர், மிச்சம் மீதியில் ஒரு பொருளைச் செய்வது. இன்று அதன் நினைவுக்காக விற்கப்படுவது, விலை உயர்ந்த ரெடிமேட் பொருள்.

சரி, குலசைக்கு வருவோம்

தூத்துக்குடி மாவட்டம், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது குலசேகரன்பட்டினம். ஊர்க்காரர்களுக்கு 'குலசை'. முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பேர் போன ஊர். சுற்றிலும் பனங்காடு, செம்மண் தேரி. பக்கத்து உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பனை இருக்கும் இடத்தில் நுங்கு வண்டி இருக்கும். நுங்கு தின்று முடித்த ரெண்டு காய்களை ஒரு குச்சியின் ரெண்டு முனையிலும் செருகணும். நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளினால் வண்டி ரெடி. செலவு பூஜ்யம்.

கொஞ்சம் வளர்ந்த பசங்களுக்கு அடுத்த கட்டம் பேரிங் வண்டி. லாரிப் பட்டறையில் தேய்ந்துபோனது என்று ஒதுக்கிப் போட்ட பால் பேரிங் மூணு வேணும். உட்கார ஒரு பலகை. பின்னால் ஒரு கட்டையின் ரெண்டு முனையையும் பேரிங் ஓட்டைக்குச் சரியாகச் சீவி இறுக்கணும். முன்னால் திரும்புற மாதிரி ஒரு குறுக்குக் கட்டை, அதில் மூணாவது பேரிங். கயிற்றை இழுத்தோ காலால் மிதித்தோ திருப்பலாம். ஒருத்தன் உட்கார, ஒருத்தன் தள்ள, தெருவே அதிரும்.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

• கலிபோர்னியா: பழைய ரோலர் ஸ்கேட் சக்கரம், மிச்சப் பலகை, ஆணி.

• தமிழ்நாடு: பழைய லாரி பேரிங், மிச்சப் பலகை, ஆணி.

வித்தியாசம் ஒன்றுதான். இன்றைய ஸ்கேட்போர்டில் பேரிங் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் 22 மில்லிமீட்டர் குறுக்களவு. அதன் மேல் யூரித்தேன். நம்ம வண்டியில் பேரிங்கே சக்கரம். இரும்பு நேராகத் தார் ரோட்டில் உரசும். அந்தச் சத்தத்துக்கும், வளைவில் வழுக்குவதற்கும், கல் தட்டினால் குப்புற விழுவதற்கும் காரணம் இதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்கப் பலகை இரும்பிலிருந்து களிமண், களிமண்ணிலிருந்து யூரித்தேன் என வளர்ந்தது. நம்ம வண்டி இரும்பிலேயே நின்றுவிட்டது.

குலசைக்குப் பக்கத்து மணப்பாட்டில் நல்ல அலை இருக்கு, அதைத் தேடி அலைச்சறுக்கு வீரர்கள் வருகிறார்கள். பனங்காட்டு ஊர்களில் சக்கரம் செய்யத் தெரிந்த பசங்க இருந்தாங்க. கலிபோர்னியாவில் சந்தித்த அந்த ரெண்டும் இந்தக் கடற்கரையில் சந்திக்கவே இல்லை.

பேரிங் வண்டி ஏன் காணாமல் போகுது?

'எல்லாம் செல்போன் வந்ததால' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான்.

முதல் காரணம், ரோடு. பேரிங் வண்டிக்குச் சரிவான, வண்டி வராத தார் ரோடு வேணும். தார் ரோடு இன்று எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. வண்டி வராத ரோடுதான் இல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 64,105. அந்த ஆண்டு மட்டும் 17,884 பேர் உயிரிழந்தார்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து போகும் வண்டியை, டிப்பர் லாரி வரும் ரோட்டில் எந்த அம்மா விடுவாங்க? விடவும் கூடாது.

இரண்டாவது, பொருள். நுங்கு வண்டிக்குப் பனையும் பனையேறுபவரும் வேணும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனாலும் வெட்டுவது கட்டுப்படவில்லை. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவிக்க வேண்டி வந்தது. ஏறும் கைகளும் குறைந்துகொண்டே வருது.

மூன்றாவது, சொல்லித் தரும் அண்ணன். பேரிங்குக்குக் கட்டையை எவ்வளவு சீவணும் என்பது புத்தகத்தில் இல்லை. எட்டாவது படிக்கும் அண்ணன் சீவுவதை நாலாவது படிக்கும் தம்பி பக்கத்தில் நின்று பார்க்கணும். தெருவில் கூட்டம் சேராவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இடம், பொருள், ஆள். மூன்றில் எது போனாலும் விளையாட்டு போய்விடும்.

பேர் மட்டும் மிஞ்சினால் போதுமா?

இதே கடற்கரையில் ரெண்டு உதாரணம் இருக்கு.

ஒன்று முத்து. தூத்துக்குடிக்கு இன்னமும் 'முத்துநகர்' என்றுதான் பேர். சென்னைக்கு ஓடும் ரயிலின் பேரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். ஆனால் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கி இறங்கும் அந்தத் தொழிலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று மிகச் சிலரே. பேர் இருக்கு, பெருமை இருக்கு, தொழில் இல்லை.

இன்னொன்று குலசை தசரா. இதுவும் பழசுதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கானோர் மாலை போட்டு, விரதம் இருந்து, காளி, குறவன், ராஜா என வேஷம் கட்டி வருகிறார்கள். கிரீடமும் சடையும் ஊர் ஊராகத் தயாராகும். பெரியவர் கட்டுவதைப் பார்த்துச் சின்னவர் கட்டுகிறார். கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்க இடம் இருக்கு. இதை யாரும் 'நோஸ்டால்ஜியா' என்று சொல்வதில்லை. ஏன்னா இது இன்னும் முடியவில்லை.

ஒரு பழக்கம் உயிரோடு இருந்தால் அதற்கு ஏலம் தேவைப்படாது. ஏலத்துக்கு வந்துவிட்டது என்றால், அது தெருவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் ஸ்கேட்போர்டு ஓடவில்லையா?

ஓடுது. மாமல்லபுரத்துக் கமலியை நினைவிருக்கலாம். மீனவக் குடியிருப்பில் வளர்ந்த சிறுமி, கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஸ்கேட்போர்டு ஓட்டிய படத்தை டோனி ஹாக்கே பகிர்ந்தார். அவரையும் அவர் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' என்ற குறும்படம், 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பிரிவில் விருது பெற்ற படமும், ஆப்கானிஸ்தான் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்பதைப் பற்றியதுதான். கமலி பிறகு அலைச்சறுக்கிலும் பேர் வாங்கினார்.

வட இந்தியாவிலும் ரெண்டு கிராமங்கள் இருக்கு. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற ஊரில் 2015இல் ஒரு ஸ்கேட் தளம் கட்டப்பட்டது. அங்கே ரெண்டே விதி: பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதல் இடம். ராஜஸ்தானின் கேம்பூரில், 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்கேட்டர் கேர்ள்' படத்துக்காகக் கட்டிய தளத்தைப் படப்பிடிப்பு முடிந்ததும் இடிக்காமல் ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதைகளில் பொதுவான விஷயம் விலை உயர்ந்த பலகை இல்ல. வண்டி வராத, வழவழப்பான, காசு கேட்காத கொஞ்சம் தரை. அது கிடைத்ததும் மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

குலசையில் இப்போது இதை ஏன் பேசணும்?

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2,233 ஏக்கர், 986 கோடி ரூபாய் திட்டம். சிறிய செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் இங்கிருந்து நேராகத் தெற்கே பறக்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போக இலங்கையைச் சுற்றி வளையணும், அதில் எரிபொருள் வீணாகும். குலசைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஏவுதளம் வந்தால் ரோடு அகலமாகும், கனரக வண்டிகள் கூடும், நில விலை ஏறும். வேலையும் வரும், பட்டறையும் வரும். எல்லாத்துக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குவார்கள். பிள்ளைகள் உருண்டு விளையாடும் தரைக்கு ஒதுக்குவார்களா என்பதுதான் கேள்வி. ஏன்னா அது இதுவரை எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை. தெரு சும்மா கிடந்தது, அதில் விளையாடினார்கள். தெரு பரபரப்பானால், விளையாட்டு கேட்காமலே வெளியேறிவிடும்.

என்ன செய்யலாம்?

ரொம்பப் பெரிய செலவு தேவையில்லை.

• தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் இருக்கு. கட்டும்போது ஒரு மூலையில் லேசான சரிவோடு சிமெண்ட் தளம் போடலாம். ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட், பேரிங் வண்டி மூணுக்கும் அது ஒன்றே போதும்.

• வாரத்தில் ஒரு நாள் காலை, ஊருக்குள் ஒரு தெருவை மட்டும் வண்டிகளுக்கு மூடலாம். சென்னையில் 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' என்ற பேரில் இது நடந்திருக்கிறது. கிராமத்துக்குத் தேவை ஒரு கயிறும் ரெண்டு டிரம்மும்தான்.

• பள்ளியில் இயற்பியல் பாடத்தில் உராய்வு வரும். பழைய பேரிங் மூணை வாங்கி வகுப்பிலேயே ஒரு வண்டி செய்தால், இரும்பு ஏன் வழுக்குது, ரப்பர் ஏன் பிடிக்குது என்பது ஒரே பீரியடில் புரிந்துவிடும். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மட்டும் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் 40 வயசைத் தாண்டிய யாராவது பேரிங் வண்டி செய்திருக்கலாம். அவங்ககிட்ட போட்டோ கேட்காதீங்க, பெரும்பாலும் இருக்காது. எப்படிச் செய்தீங்கன்னு கேளுங்க. பின் கட்டையை எவ்வளவு சீவணும் என்ற கணக்கு இன்னும் அவங்க கையில்தான் இருக்கு. முத்துக்குளிப்பு மாதிரி அதுவும் வெறும் பேராக மாறுவதற்கு முன்னால், ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம்.